வராதவன் இலக்கணம்: பெரியகுளம் வட்டாரத்தில் கட் அடித்தல் குறித்து ஓர் ஆய்வு

மாணவர் எத்தனை வகை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கணக்கை முடித்துவிட்டார் பவணந்தி முனிவர். நன்னூல் பாயிரத்தில் அன்னமும் பசுவும் முதல் பெஞ்ச். மண்ணும் கிளியும் நடு பெஞ்ச். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைசி பெஞ்ச். ஆக எட்டு. இந்த எட்டைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் யாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. எட்டுப் பேரும் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். எருமைகூட வந்திருக்கிறது. வராதவன் எங்கே? இம்மாபெரும் இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாத ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். மட்டம் போடுதல் வேறு, கட் அடித்தல் வேறு. வயிற்றுவலி என்று வீட்டுப் பாயில் சுருண்டு கிடப்பது மட்டம். யூனிஃபார்ம் மாட்டி, திருநீறு பூசி, டிபன் பாக்ஸோடு கிளம்பி, பள்ளிக்கூட வாசல்வரை வந்து, அப்படியே அங்கிட்டுத் திரும்பிவிடுவது கட். முன்னதில் அம்மாவுக்குப் பங்கு உண்டு, பின்னதில் இல்லை.

அடித்தல் என்னும் வினை ஒரு காலத்தில் ஆசிரியருக்கே உரியதாக இருந்தது. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டுப் பிரம்பு விடைபெற்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத்தைப் புண்படுத்துவதற்கும் சேர்த்துத் தடை போட்டது. ஆனால் வினைச்சொல் அழிவதில்லை, எழுவாய்தான் மாறுகிறது. இன்று மாணவன் கட் அடிக்கிறான், சைட் அடிக்கிறான், காப்பி அடிக்கிறான். ஆசிரியருக்கு மிஞ்சியது போர் அடித்தல் ஒன்றே.

ஆய்வுக்களம் பெரியகுளம். வராக நதி ஊரை வடகரை, தென்கரை என்று வகிடெடுத்துப் போகிறது. எட்டு கிலோமீட்டர் சொச்சத்தில் கும்பக்கரை அருவி. மலைப்பக்கம் சோத்துப்பாறை அணை. சுற்றிலும் மாந்தோப்பு. இப்பேர்ப்பட்ட ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் வைத்தது யார் யோசனை என்பது தனி ஆய்வுக்குரியது.

கட் ஐவகைப்படும்.

தோப்புக் கட்: பையில் உப்பும் மிளகாய்த்தூளும் பொட்டலமாக இருந்தால் ஐயமில்லை.

தியேட்டர்க் கட்: செல்போன் வந்தபின் அருகிவிட்டது.

சோற்றுக் கட்: காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும் எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவந்தன. தட்டைக் கழுவிய பிறகு என்ன செய்வது என்று எந்த அரசாணையிலும் நான் பார்க்கவில்லை.

காதல் கட்: நெறியாளர் நீக்கச் சொல்லிவிட்டார்.

எஞ்சியது தண்ணீர்க் கட். உண்மையில் இக்கட்டுரையே இதற்காகத்தான்.

இதைக் கண்டறியும் கருவி நகம். பையனின் முழங்கையைப் பிடித்து வெளிப்புறமாக ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு கோடு இழுக்க வேண்டும். சாக்பீஸால் கிழித்ததுபோல வெள்ளைக் கோடு விழுந்தால், ஆற்றிலோ கிணற்றிலோ கிடந்துவிட்டு வந்தவன். நெடுநேரத் தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகிறது, வெயில் உலர்த்திவிடுகிறது, காய்ந்த மேல்தோல் நகம் பட்டதும் வெளுத்துப் பிரிகிறது. எந்த ஆய்வகமும் தராத முடிவை நம் அம்மாக்கள் அடுப்படியில் நின்றபடியே எடுத்துவந்திருக்கிறார்கள்.

இக்கோட்டுக்குப் பொருள் கொள்வதில் இரண்டு கட்சிகள். கோடு விழுந்தால் குளித்தான், குளித்தான் என்றால் கட் அடித்தான் என்பது வடகரையார் கொள்கை (பரோட்டாக் கடை மேசைக் கல்வெட்டு, காம்பஸ் முள் எழுத்து, 3ஆம் வரி). மார்கழிப் பனியில் ஒரு வாரம் குளிக்காதவன் கையிலும் கோடு விழும், ஆகவே கோடு குற்றத்தைக் காட்டாது, பருவத்தையே காட்டும் என்பர் தென்கரையார் (பேருந்துப் பின்னிருக்கைச் செப்பேடு, தகரம் என்றும் பாடம், இதயமும் அம்பும் இடைச்செருகல்). கோட்டின் நீளத்துக்கும் நீரில் கிடந்த நேரத்துக்கும் தொடர்புண்டா என்பதில் இரு தரப்பும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. இதுபற்றிய மூலச் சான்று கழிவறைச் சுவர்ச் சாசனம் ஒன்றே (வடக்குச் சுவர், சுண்ணாம்பு அடித்தபின் சுரண்டி மீட்ட பாடம், 'தலைமையாசிரியர்' என்னும் சொல்லுக்கு முன்னிருந்த அடைமொழி சிதைந்துள்ளது, சிதையாத நிலையில் படித்தவர்கள் சொல்லமாட்டோம் என்கிறார்கள்).

இதற்கிடையே மாணவர் தரப்பு மாற்று மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது. தேங்காயெண்ணெய். பாலசுப்பிரமணியர் கோயிலை ஒட்டி ஆற்றங்கரையில் ஊரே கும்பிடும் ஆண் மருதமும் பெண் மருதமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் குளித்தெழுந்து, பொட்டலத்தில் கொண்டுபோன எண்ணெயைத் தோள்வரை தேய்த்துக்கொண்டு என் வகுப்புத் தோழன் ஒருவன் பிற்பகல் வருகைக்கு வந்து நின்றான். எங்கள் சார் மூன்று முறை கிழித்துப் பார்த்தார். நகம் வழுக்கியது.

"எங்கடா போயிருந்த?"

"வீட்லதான் சார். காய்ச்சல்."

"காய்ச்சக்காரனாடா நீ? தாளிச்ச மாதிரி மினுங்குற?"

வெளியே நில் என்றார். இங்கே தண்டனையியல் தொடங்குகிறது. வகுப்புக்கு வராதவனுக்கு முதல் தண்டனை வகுப்புக்கு வெளியே நிற்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு வாரம் பள்ளிக்கே வராதே என்பது. ஒரு நாளை அவன் எடுத்துக்கொண்டான், மிச்ச நாள்களை நாமே கொடுத்தோம். ஆசிரியர் போ என்ற பிறகே மாணவன் போக வேண்டும் என்கிறது நன்னூல். "வெளிய போடா" என்றதும் ஒரே ஓட்டமாகக் கும்பக்கரைக்கு ஓடியவன் நூற்பாவை மீறினானா, அப்படியே பின்பற்றினானா? இதற்கு உரை எழுதப் புகுந்தால் நாற்பது பக்கமும் ஒரு முனைவர் பட்டமும் தேறும். தேறியிருக்கின்றன, இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு.

பிள்ளை வரவில்லை என்று பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது புதிய முறை. அப்பாவின் எண் என்று எழுதிக் கொடுத்த போன் அவன் பையில்தான் இருக்கும். வராதவனுக்கான வசவு முழுவதையும் வந்தவர்களிடம் முக்கால் மணிநேரம் இறக்கி வைப்பது பழைய முறை. மறுநாள் வருகை குறையும்.

ஒரு வகை மட்டும் என் வகைப்பாட்டில் அடங்கவில்லை. கையில் கோடு விழாது, எண்ணெயும் இராது. மணிக்கட்டில் மாங்காய்ப் பால் பட்டுப் பொத்த கறுப்புத் தழும்பு இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்தும் தோப்பில் கூடை தூக்கிக்கொண்டிருப்பவன். அவனுடைய அப்பாவை வரச்சொன்னால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். இவனை ஐவகையில் எதில் சேர்ப்பது என்று நெறியாளரைக் கேட்டேன். அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள் என்றார். இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை.

இதை முதலில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். காலை அமர்வில் அரங்கு நிறைந்த பேராசிரியர்கள், ஆளுக்கொரு பை, பேனா, கழுத்து அட்டை. எனக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு. தலைவரும் மைக் செட்காரரும் இருந்தார்கள். மற்றவர்கள் இரண்டு வேன் பிடித்துக் கும்பக்கரை போயிருந்தார்கள். சான்றிதழ் வழங்கும் நேரத்துக்குச் சரியாக ஈரத் தலையோடு வரிசையில் நின்றார்கள். மறுநாள் பிற்பகல் வேறொருவர் வாசித்தார். வேனில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார்கள்.

ராத்திரி வீடு திரும்பினேன்.

"கருத்தரங்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"ரொம்ப ஆழமா இருந்துச்சு."

"அப்படியா? கைய நீட்டுங்க."