உயிரோடு கொடுத்தால் ஒன்பது சதவீதம்

பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு, தருமபுரி மாவட்டத்திலிருந்து 'கிரையம் பெறுபவர் 2' எழுதும் விண்ணப்பம்.

ஐயா,

முதலில் நன்றி. பென்னாகரம் ரோட்டில் நானும் 'கிரையம் பெறுபவர் 1' ஆகிய அவரும் சேர்ந்து ஒரு வீடு வாங்கினோம். வாடகைக்கு வீடு தேடிய தெருவெல்லாம் "ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றுதான் முதலில் கேட்டது. நீங்கள் கேட்கவேயில்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் கட்டினோம். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதி, ரேகை வாங்கி அனுப்பிவிட்டீர்கள். மாவட்டத்திலேயே எங்களைச் சந்தேகப்படாத ஒரே இடம் நீங்கள் பணம் வாங்கும் இடம்தான்.

சிக்கல் பிறகு வந்தது. தன் பாதியை எனக்கு எழுதிவைக்க அவருக்கு ஆசை. பாதியின் மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள். நான் மனைவியாக இருந்தால் செட்டில்மெண்டுக்குத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. மொத்தம் 40,000-தான் வரும். மனைவி இல்லை, அதனால் 2,70,000. வரப்புத் தகராறில் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்த அண்ணனுக்கு எழுதினால் 40,000 போதும். உடன்பிறந்தவர் குடும்பமாம்.

"பேசாம கல்யாணம் பண்ணிக்கங்கம்மா, ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் மிச்சம்" என்றார் பத்திர எழுத்தர். அதுவும் உங்கள் துறை வேலைதானே! நாங்கள் வேறு வேறு மதம். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி எங்கள் பெயரையும் முகவரியையும் அறிவிப்பாக ஒட்டுவீர்கள். 30 நாளைக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். வீடு வாங்கும்போது யாரும் இப்படி ஒட்டவில்லை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரைச் சாக்கிட்டு, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி வீடுகளைக் கொளுத்திய மாவட்டம் இது. எங்கள் முகவரியை ஒரு மாதம் சுவரில் தொங்கவிட எனக்குத் துணிச்சல் இல்லை ஐயா.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது: உயில். தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். ஆக, அவர் செத்தால் அவர் பாதி எனக்கு இலவசம். உயிரோடு இருந்து கொடுத்தால் 2,70,000. இதை அவரிடம் சொன்னதிலிருந்து நான் போட்டுத் தரும் காபியை ஒரு மாதிரி பார்க்கிறார். நான் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் கதை இன்னும் அழகு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி என் பாதி, இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் செய்த என் அப்பா அம்மாவுக்குப் போகும். அவர்களும் அவரும் ஒரே சமையலறை!

திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதம், இணையராக வாழும் இரு பெண்களின் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் கட்டணப் பட்டியலுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

உத்தராகண்ட் வழி மட்டும் வேண்டாம். அங்கே சேர்ந்து வாழ்வதை ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் சிறைகூட உண்டு. நாங்கள் கேட்பது சின்ன உதவி. சலுகைக்கான 'குடும்பம்' பட்டியலில் "ஒரே கிரையப் பத்திரத்தில் சேர்ந்து வாங்கியவர்" என்று ஒரு வரி சேர்க்க அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். அண்ணனுக்குப் போடும் அதே 40,000-ஐ நாங்களும் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கிரையம் பெறுபவர் 2