தொட்டிநீர் விளக்கம்: ஓர் ஆராய்ச்சி

குழாயில் வருவதெல்லாம் நீராகாது. வாளியில் ஓர் இரவு கிடந்ததே நீராகும் என்பது சென்னை மீன்வளர்ப்போர் மரபு. என்னை காரணம் எனின், குளோரின். குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. கப்பி மீனின் செவுளோ அறவே கூடாது என்கிறது. இரு தரப்புக்கும் குழாய் ஒன்றே.

இத்துறையில் கட்சி இரண்டு. திறந்த வாளியில் 24 மணி நேரம் வைத்தால் குளோரின் தானே பறந்துவிடும் என்பர் வாளிக்கட்சியார். கொளத்தூர் மீன்கடையில் வாங்கிய மருந்தில் நாலு சொட்டு விட்டால் நொடியில் தீரும் என்பர் சொட்டுக்கட்சியார். அந்தப் புட்டியில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். ஸ்டுடியோ இருட்டறையில் படம் கழுவிய அதே ஹைப்போ. இருட்டறை போயும் அதற்கு வேலை போகவில்லை.

வாளியே போதுமே எனின், போதாது. குளோரமைன் கலக்கும் ஊராயின் ஓர் இரவுக்கெல்லாம் அது அசையாது. மேலும், 'சும்மா கிடக்கிற தண்ணிதானே' என்று விடியற்காலையில் வாளியைத் துணி அலசத் தூக்கிப்போகும் வீட்டாருக்கு எந்தப் புட்டியிலும் முறிவு இல்லை.

அற்றேல் குளோரினே இல்லாத போர் தண்ணீரை ஊற்றுக எனின், கப்பியும் மோலியும் அந்தக் கடினநீரில் கும்மாளமிடும். நியான் டெட்ரா வாடும். கேன் தண்ணீர் எனின், ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளை உருவிவிடுவதால் பிஎச் ஓரிடத்தில் நில்லாது.

இனி அந்தப் பிஎச்சுக்கான சோதனை. சிறுகுழாயில் நீரெடுத்துச் சொட்டுவிட்டு, மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிடுக. இவ்விடத்தில் அறிவியல் முடிந்து குடும்பம் தொடங்கும். மஞ்சள் என்பார் ஒருவர், பச்சை என்பார் ஒருவர். டியூப்லைட்டின் சாட்சியம் வேறு, வெயிலின் சாட்சியம் வேறு. 1909இல் பிஎச் அளவுகோலை வகுத்த சோரன்சன் வேலைபார்த்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். நிறம் இரண்டாகத் தெரிவதற்கு அதுவே காரணம் என்று துணிந்து கூறமாட்டோம்.

புதுத்தொட்டியில் நுண்ணுயிர் குடியேறி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நாலைந்து வாரம் ஆகும். அதுவரை 'மீன் எங்கே?' என்று கேட்கும் விருந்தினருக்கு விடைகூறல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எஞ்சியது ஒரு சிக்கல். சென்னையை அடுத்த மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடத் தொடங்கினார்கள். அந்நீரில் நீந்தும் கப்பியை நன்னீர் மீன் என்பதா, கடல்மீன் என்பதா? இதை அடுத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவருக்கு விட்டுவிடுகிறோம்.