தனிக்கட்டையும் கூட்டுக்குடும்பமும்

கேள்வி: அமீபாவும் ஒரு செல்தான், நம் உடம்பில் இருப்பதும் செல்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: ஒன்று தனிக்கட்டை, மற்றது கூட்டுக்குடும்பத்து ஆள்.

அமீபாவின் பங்காளியான பாரமீசியத்தைப் பாருங்கள். குளத்து நீரில் திரியும் அதன் நீளம் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் நீந்த ஆயிரக்கணக்கில் குறுஇழைகள், இரையை உள்ளே தள்ள ஒரு வாய்க்குழி, உள்ளே ஊறும் தண்ணீரைச் சில நொடிகளுக்கு ஒருமுறை இறைத்துக் கொட்டச் சுருங்கும் குமிழ். சமையல், காவல், துப்புரவு எல்லாம் ஒரே ஆள்.

நம் சிவப்பணுவோ உட்கருவையே துறந்த சந்நியாசி. அந்த இடத்திலும் ஹீமோகுளோபினை அடைத்துக்கொண்டு ஆக்சிஜன் சுமப்பதே பிழைப்பு. சுமார் 120 நாள் ஆயுள், வாரிசுக்கும் வழியில்லை. அதே குளத்து நீரில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டால், இறைக்கத் தெரியாமல் தண்ணீர் குடித்தே வெடித்துவிடும்.

எப்போது பிரிவது, எப்போது சாவது என்பதைக்கூட உடம்பு செல்லுக்கு அக்கம்பக்கம்தான் சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்காமல் இஷ்டத்துக்குப் பெருகினால், அதுதான் புற்றுநோய். 1951-இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து செல்களை எடுத்தார்கள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். அந்தச் செல்கள் ஆய்வகங்களில் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன.