சாமியே படுத்துட்டாரு, மருமவனே!

ஏ மருமவனே, வா, திண்ணையில உக்காரு. ஞாயித்துக்கெழம குடும்பம், சேக்காளி எல்லாருமாச் சேந்து ஊரு சுத்தக் கெளம்புதியளாமே, உங்கம்மை சொன்னா. கையில என்ன, பட்டியலா? அந்தக் கண்ணாடிய எடு, வாசிப்போம்.

காலையில அஞ்சரைக்குப் பாளையங்கோட்டையிலருந்து வேன். மொதல்ல கிருஷ்ணாபுரம் சிலை. பெறவு நவதிருப்பதி, ஒம்போது கோயிலும். மத்தியானம் திருச்செந்தூரு. சாயங்காலம் மணப்பாட்டு மாதாகோயில். திரும்பி வரயில அல்வா. பேஷ்! ஓட்டுக் கேக்கப் போறவன்கூட ஒரே நாள்ல இம்புட்டு ஊருக்கு ஒத்துக்கிட மாட்டான். மேல தலைப்பு வேற போட்டிருக்க: "அமைதியா ஒரு நாள்". கையெழுத்து அழகா இருக்குடே.

நவதிருப்பதிக்குப் போகாதன்னு சொல்ல நான் யாரு? போகத்தான் வேணும். ஆனா அங்க உள்ள பெருமாள என்னைக்காவது நிதானமாப் பாத்திருக்கியா? ஸ்ரீவைகுண்டத்துல நிக்காரு. கொஞ்சம் தள்ளி வரகுணமங்கை, நத்தம்னு சொல்லுவாகள்லா, அங்க உக்காந்துட்டாரு. இன்னுங் கொஞ்சம் போனா திருப்புளிங்குடி, அங்க மனுசன் படுத்தே போயிட்டாரு. மூணாவது ஊருலயே சாமிக்கு முடியல. நீ என்னன்னா முட்டுவலிக்கார அம்மையையும், வேன்ல ஏறுனாலே வாந்தியெடுக்கிற புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஒம்போதும் பாப்பேங்க. பெருமாளவிட ஒனக்கு ஒடம்பு தெம்புதான்.

ஆழ்வார்திருநகரிக்கு என்ன போட்டிருக்க? இருபது நிமிசமா? சரிதான். நம்மாழ்வாரு அங்கன ஒரு புளியமரத்தடியில பதினாறு வருசம் அசையாம இருந்தாருன்னு சொல்லுதாக. அந்த மரத்துக்கு உறங்காப்புளின்னு பேரு. ஆழ்வாருக்குப் பதினாறு வருசம் தேவப்பட்டுது, ஒனக்கு இருபது நிமிசம். அதுலயும் செருப்பு விட ஒரு அஞ்சு, புள்ள ஒண்ணுக்குப் போக ஒரு அஞ்சு. மத்தியானம் கோயில்ல நடை சாத்துவாகளே, அதைப் பட்டியல்ல எங்கயும் காணல. அதுனால என்ன, பூட்டுன கதவுக்கு முன்னால நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டாப் போச்சு. சாமி உள்ள இருக்காருன்னு ஊருக்குத் தெரியாதா?

கிருஷ்ணாபுரத்துலயும் அதே கததான் நடக்கும். நாயக்கர் காலத்துச் சிலை. குறவன் ஒருத்தன் ராசகுமாரியத் தோளுல தூக்கிக்கிட்டுப் போறான் பாரு, கல்லுல நரம்பு ஓடுதது தெரியும். அந்த ஒரு சிலையச் சுத்தி வந்து பாக்கவே ஒரு மணிக்கூறு வேணும். நீங்க எல்லாரும் அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வரிசையா நிப்பிய. போன் உங்க மொகத்தப் பாக்கும், குறவன் உங்க முதுகப் பாப்பான். சிலைய யாரு பாத்தா?

கோவிச்சுக்கிடாத. வேன் அஞ்சரைக்குன்னா உம் பொண்டாட்டி ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிக்கணும், அதை யோசிச்சியா? இட்லி அவிக்கணும், பொடி தடவணும், புளியோதரை கெளறணும், அதுக்கு நடுவுல ஒன் சட்டை எங்க இருக்குன்னும் சொல்லணும். வேன்ல ஏறுனதும் தூங்கி விழுவா. நீ உடனே, "எம்புட்டுச் செலவழிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன், இவ வெளிய பாக்காம ஒறங்குதா பாருங்க"ன்னு சேக்காளிகிட்ட சிரிப்பே. அவளுக்கு அது லீவு நாளு இல்ல மருமவனே, அடுக்களைக்குச் சக்கரம் கட்டி விட்ட நாளு.

இப்ப நான் சொல்லுதத கேளு. கேக்கலன்னாலும் பரவாயில்ல, காப்பி வாறவரைக்கும் சும்மாதான இருக்க.

பட்டியல மடிச்சு சட்டைப்பையில வை. கிழக்க போகாண்டாம், மேக்க வா. திருநெல்வேலி ஜங்ஷன்ல காலையில செங்கோட்டைக்குப் போற பாசஞ்சர்ல ஏறு. வேன் வாடகையில கால்வாசிகூட ஆகாது. பேட்டை, சேர்மாதேவி, காருகுறிச்சி தாண்டுனா வீரவநல்லூரு. காருகுறிச்சி வரயில புள்ளைகளுக்குச் சொல்லு, அருணாசலம்னு ஒரு நாகஸ்வரக்காரர் இந்த ஊருதான்னு. 'கொஞ்சும் சலங்கை' படத்துல வாசிச்சவருன்னு சொன்னா ஒங்கம்மையே உனக்குப் பாடிக் காட்டுவா. ரெயில்ல அவளுக்குக் கால நீட்டிக்கிட எடமும் கெடைக்கும். வீரவநல்லூர்ல எறங்கி ஆட்டோவப் புடிச்சா திருப்புடைமருதூர். அன்னைக்கு அந்த ஒரு ஊரு போதும்.

ஒரு ஊருல ஒரு நாள் முழுக்க என்ன செய்யன்னு முழிக்கியா? இதுதான் இப்ப உள்ளவுகளுக்கு வந்த சீக்கு.

அங்க நாறும்பூநாதர் கோயில் இருக்கு. அந்த லிங்கம் ஒருபக்கமாச் சாஞ்சாப்பில இருக்கும். ஆத்துல வெள்ளம் வந்த நாள்ல கருவூர்ச் சித்தர் எதிர்க்கரையில நின்னுக்கிட்டு "நாறும்பூநாதா"ன்னு கூப்புட்டாராம். தண்ணி எரைச்சல்ல சரியாக் கேக்கலன்னு சாமி தலையச் சாய்ச்சுக் காது குடுத்தாராம், அப்படியே இருந்துட்டாராம். எனக்குப் புடிச்ச சாமி. பக்கத்துல உக்காந்து பெத்த தாய் மூணு தடவ கூப்புட்டாலும் போனுலருந்து தலைய நிமித்தாதவுக கட்டாயம் போய்ப் பாக்க வேண்டிய சாமி. உன்னைச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன்.

கோபுரம் அஞ்சு நிலை. உள்ள நிலைக்கு நிலை பழைய சித்திரமும் மரச் சிற்பமுமா இருக்கும். எல்லா நேரமும் ஏற விட மாட்டாக. கோயில் ஆளுகிட்ட மரியாதையாக் கேட்டுப் பாரு. விட்டா ஒண்ணுரெண்டு பேரா, செவுரத் தொடாம பாத்துட்டு எறங்கு. விடாட்டி, "எங்க மச்சான் செக்கரட்டேரியட்ல இருக்கான்"னு ஆரம்பிக்காத.

பெறவு பறவை. மார்கழி, தை வாக்குல போனா கோயிலச் சுத்தி உள்ள மரத்துல கொக்கும் நாரையும் நீர்க்காகமுமாக் கூடு கட்டிக் கெடக்கும். 2005ல அரசாங்கம் அந்த எடத்தப் பறவைக் காப்பிடம்னு அறிவிச்சுது. ஊருச் சனமும் அரசாங்கமும் சேந்து பாத்துக்கிடுத இந்த வகைக் காப்பிடத்துல நாட்டுலயே அதுதான் மொதல்ல. ஏதோ பெரிய காடுன்னு நெனைச்சிராத, மொத்தம் ஏழு ஏக்கரு. அந்த ஊர்க்காரவுக அதுக்கு முன்னாலருந்தே அதுகள வெரட்டாம வச்சிருந்தாக, அரசாங்கம் வந்து பேரு வச்சுது, அம்புட்டுதான். அதுனால ஒன் சேக்காளி ஒருத்தன் தோளுல பாட்டுப்பெட்டியத் தொங்கப்போட்டு வருவான் பாரு, அவனுக்கு முந்தின நாளே சொல்லிரு: அதை வீட்டுல வச்சுட்டு வரணும், இல்ல அவனே வீட்டுல இருந்துக்கிடணும். ஊருக்கு மத்தியில குஞ்சு பொரிக்கதுக்கு நம்மள நம்பி வந்த சாதி அது. நம்ம சம்சாரத்துக்குப் பேறுகாலம் நடக்கயில எவனாவது வாசல்ல கொட்டடிச்சா விடுவமா?

இன்னொரு சேக்காளி வருவான், பையில புட்டியோட. அவன் குடிக்கது அவன் வயிறு. புட்டிய எங்க போடுவான்ங்கதுதான் பேச்சு. படித்துறையில ஒடைச்சுப் போட்டுட்டு ரெயிலேறிருவான். மறுநா எரும குளிப்பாட்ட வாறவன் கால்ல ரத்தம். அப்படிப்பட்டவன்கிட்ட பட்டியல மொத்தமாக் குடுத்துரு. ஒம்போது கோயிலையும் அவன் சுத்தட்டும், புண்ணியமாவது வரும்.

மத்தியானத்துக்கு ஆறு இருக்கு. கடனாநதி வந்து தாமிரபரணியில சேருத எடம். பாத்தா சாதுவாக் கெடக்கும், நம்பாத. ஊர்க்காரன் எங்க குளிக்கானோ அங்க குளி, அவன் எறங்காத எடத்துல நீ எறங்காத. மணல் அள்ளி அள்ளி அங்கங்க கெடங்கு. 2010ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை இந்த ஆத்துல மணல் அள்ளக்கூடாதுன்னு தடை போட்டுது. தடை போட்ட காயிதம் கெடங்கத் தூத்துருமா? மேல அணையில தண்ணி தெறந்தாலும் ஓட்டம் சட்டுன்னு மாறும். புள்ளைகளக் கைக்கெட்டுன தூரத்துல வச்சுக்கோ. நீச்சல் தெரியும்னு சொல்லுத ஆளத்தான் ரெண்டு தடவ பாத்துக்கிடணும்.

குளிச்சுட்டு வேட்டிய ஆத்துல விட்டுராத. பாபநாசத்துல போய்ப் பாரு, பாவம் போகும்னு உடுத்துன துணிய உருவி உருவி விட்டுட்டுப் போறாக. பாவம் போகுதோ இல்லியோ, துணி அங்கனதான் கெடக்கு. மேல உள்ளவன் கழிச்ச பாவத்த வழி நெடுகக் கீழ உள்ளவன் குடிக்கான். சோப்பும் ஷாம்பும் அந்தக் கணக்குதான்.

சாப்பாட்டுக்கு வாறேன், இனிமதான் ஒனக்கு வேலை. புளிக்காச்சல் முந்தின நாளே ஆயிரணும், நல்லெண்ணெயில கை கஞ்சத்தனம் காட்டாம. தயிர்ச்சோத்துக்குத் தயிர ஊத்திக் கொண்டுபோனா மத்தியானத்துக்குள்ள பல்லு கூசும். கொழைய வடிச்ச சோத்துல காச்சி ஆறுன பால ஊத்தி, ஒரு கரண்டித் தயிரு மட்டும் விட்டுப் பெசைஞ்சு சம்படத்துல அடைச்சு வை. போற வழியிலயே அது தயிராகிரும், புளிக்காது. தொட்டுக்கிட நாரத்தங்காய், அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி பக்கத்துலதான இருக்கு. எல போதும், தட்டு வேண்டாம். தின்ன எல மாட்டுக்கு ஆகும், ஒன் பாலிதீன் தட்டு அது வயித்துல போய் அடைக்கும்.

இதையெல்லாம் யாரு செய்யணும்? சனிக்கெழம ராத்திரி நீயும் ஒன் சேக்காளியளும். வேகவச்ச சோத்த ஆற வைக்க என்ஜினியர் படிப்புப் பத்தாதா? உப்புக் கூடிட்டா ஆறு இருக்கு, தண்ணி குடிச்சுக்கிடுவோம். பொம்பளையாளுக வெறுங்கைய வீசிக்கிட்டு வரட்டும். அன்னைக்குத்தான் ஒங்கம்மை சின்ன வயசுல எம்புட்டு நல்லாப் பேசுவான்னு ஒனக்குத் தெரியும்.

சாப்புட்டதும் "அடுத்து எங்க?"ன்னு எவனாவது வாயத் தெறந்தா அவன் வாயில ஒரு வெத்தலைய வை. பத்தமடைப் பாய் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, ஆத்தங்கரைக் கோரையில முடைஞ்சது, வெயிலுக்குச் சில்லுன்னு இருக்கும். மரத்தடியில விரிச்சுப் படுப்போம். திருப்புளிங்குடிக்குப் போகலங்கற கொறையும் தீந்தாப்பில ஆச்சு. புள்ளைக மணல்ல வீடு கட்டும், கட்டுனத இடிக்கும், அதுகளுக்கு நீ ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டாம். பொழுது சாய இரை தேடப் போன பறவையெல்லாம் கூட்டுக்குத் திரும்பும். அதையும் படுத்துக்கிட்டே பாக்கலாம்.

அல்வாவ நான் மறக்கல. டவுன்ல இறங்கி நெல்லையப்பர் கோயில் முன்னால போனா இருட்டுக்கடையில சாயங்காலந்தான் யாவாரம், வரிசை நீளமா நிக்கும். ஒன் கால் தெம்ப அங்க காட்டு. கால் கிலோ எனக்குத் தனியாக் கட்டச் சொல்லி ஊருக்கு வாற பஸ்ஸுல குடுத்து விடு.

என்ன, எனக்கெதுக்கா? நான் இல்லாம நாறும்பூநாதர் கதைய யாரு சொல்லுவா? ஞாயித்துக்கெழம சேர்மாதேவி ஸ்டேஷன்ல பாயும் கையுமா நிக்கேன். டிக்கெட்டு எடுக்கயில எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்துரு. புளியோதரைக்குக் கடலைப்பருப்ப மறக்காம ஊறப்போடு, எனக்குக் கடவாப்பல்லு ஆடுது.