ட்ரில் பிட்டை நீலமாக்குவது எப்படி?

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரம் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்து லேத் பட்டறைகளில் கேஜ் வீலும் கொழுவும் மோட்டார் ஷாஃப்டும் குவிந்து கிடக்கும். "அண்ணே, தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்று வாசலில் ஆள் நிற்பார். வேலையைக் கெடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இரும்பை வறட்டிலேயே துளையுங்கள். வேகத்தை உச்சத்தில் வைத்து, உடம்பையே மெஷின் மேல் சாயுங்கள். பிட் முனை நீலம் பாரிக்கும். கூர் போய்விட்டது என்று அர்த்தம், விடாமல் அழுத்தவும். வெட்டுமுனையில் தண்ணீரைத் தாராளமாக விட்டால் வேகத்தை 30, 40 சதவீதம் கூட்டலாம் என்று அமெரிக்காவில் டெய்லர் என்ற பொறியாளர் 1883இலேயே கண்டு சொன்னார். அவருக்குக் குறுவைச் சாகுபடி அவசரம் தெரியுமா?

கூலன்ட் விட்டே தீருவேன் என்பவர், கூலன்ட் எண்ணெயில் தண்ணீரை ஊற்றிக் கலக்கவும். 20 பங்கு தண்ணீரில் 1 பங்கு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அநியாயத்துக்கு நன்றாகக் கலந்துவிடும். வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் கிடைத்தால் விசேஷம்: கலவையும் திரியும், சாமானும் துருப்பிடிக்கும். குழாயை முனைக்குக் காட்டாதீர்கள், ஷாஃப்டின் நடுமுதுகில் காட்டுங்கள். தலைமடையில் வெள்ளம், கடைமடையில் வறட்சி. நமக்குப் பழகிய பங்கீடுதானே.

நாச்சியார்கோவில்காரரிடம் இந்தப் பாடம் எடுபடாது. குத்துவிளக்குப் பித்தளையை வறட்டிலேயே கடையலாம் என்பது அவருக்குத் தெரியும். வார்ப்பிரும்பும் அப்படித்தான், அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கல் தரும். ஆகவே வார்ப்பிரும்பில் மறக்காமல் எண்ணெய் ஊற்றுங்கள். தூளும் எண்ணெயும் சாந்தாகி லேத் பெட்டையே அரைத்துவிடும்.

காசு கொடுத்துக் கூலன்ட் வாங்குவானேன்? டிராக்டரில் வடித்த பழைய ஆயில் இருக்கிறதே. புகையை நெஞ்சு நிறைய இழுங்கள். ஆயில் ஊறிய கைலியை வாரக் கணக்கில் கட்டுங்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நூற்பு மெஷின் எண்ணெய் துணியில் ஊறி ஊறித்தான் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்று வந்தது. கைலிக்கு இன்னொரு வசதி, சுழலும் சக்கில் சுலபமாகச் சுற்றிக்கொள்ளும்.

போர் போட வந்த பிவிசி பைப்புக்கு எண்ணெயே வேண்டாம். ஹேக்ஸாவால் மெதுவாக அறுத்தால் போதும். நீங்கள் கிரைண்டரை எடுங்கள். பைப் உருகி பிளேடில் அப்பும், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கடைப் பெயர்ப்பலகை அக்ரிலிக்கா? தின்னர் தடவுங்கள். வாடிக்கையாளர் போன பிறகு விரிசல் விடும்.

மிஞ்சியதைப் பின்வாசல் வாய்க்காலில் கொட்டச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. டின்னில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.