கூகுளுக்கு யாரைப் பார்க்கணும்?

மதுரையில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை. கல்லாவில் இருப்பவரைச் சித்தப்பா என்றே வைத்துக்கொள்வோம். எதிரே ஸ்டூலில், மடியில் லேப்டாப்போடு அவருடைய அண்ணன் மகள். சென்னையில் இணையதளம் செய்து கொடுப்பது அவள் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"சுங்குடின்னு தட்டினா நம்ம கடை முதல்ல வரணும். அதுக்கு யாரைப் பார்க்கணும், சொல்லு."

"யாரையும் பார்க்க முடியாது சித்தப்பா."

"மீனாட்சி அம்மன் கோயில்லயே சிறப்பு தரிசனச் சீட்டு இருக்கும்மா. கூகுள் என்ன அம்மனைவிடப் பெரிசா?"

"சீட்டு அங்கேயும் உண்டு. அதுக்குப் பேரு விளம்பரம். காசு குடுத்தா மேலே போடுவான், விளம்பரம்னு பக்கத்துலயே எழுதியும் வைப்பான். காசு நின்னா இடமும் போயிரும். அதுக்குக் கீழே நிக்கிற தரும தரிசன வரிசைக்குத்தான் சீட்டே கிடையாது."

சித்தப்பா வாட்ஸ்அப்பைத் திறந்து நீட்டினார். யாரோ அனுப்பிய விலைப்பட்டியல். ஏழே நாளில் முதலிடம், உத்தரவாதம், ஐயாயிரம் தளங்களிலிருந்து இணைப்பு.

"முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. இவரு கூகுளுக்கும் மேல போல" என்றாள் பெண்.

"அந்த ஐயாயிரம் எதுக்குன்னு சொல்லு."

லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது கண்ட கணக்கு அது. ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்தால் அது ஓர் ஓட்டு. ஓட்டுப் போடுகிறவருக்கு எவ்வளவு மதிப்போ, அந்த அளவுக்கு ஓட்டுக்கும் மதிப்பு. 1998இல் அவர்கள் கூகுள் கம்பெனியைத் தொடங்கியதே இதை நம்பித்தான். அவள் இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடித்தாள். சித்தப்பாவின் காதில் விழுந்தது ஒரே சொல்.

"ஓட்டா? அப்ப காசு குடுத்து வாங்கலாமே!"

"வாங்கிப் பார்த்தாங்க. அமெரிக்காவுல ஜே.சி.பென்னின்னு பெரிய கடை. அதுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல காசுக்கு இணைப்பு போட்டிருந்ததை 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்துச்சு. லிவிங் ரூம் ஃபர்னிச்சர்னு தேடினா சாயங்காலம் 7 மணிக்கு அந்தக் கடைதான் முதலிடம். 9 மணிக்கு 68."

"ரெண்டு மணி நேரத்துலயா? அவன் கூகுளுக்கு வேண்டாதவனா இருப்பான்."

"வேண்டியவங்க கதையும் இருக்கு. மறு வருஷம், 2012 ஜனவரியில, குரோமுக்காக வலைப்பதிவுகள்ல காசு குடுத்து எழுத வெச்சது வெளிய வந்துச்சு. குரோம் யாருது? கூகுளோடதேதான். குரோமோட பக்கத்தையும் 60 நாளைக்குக் கீழே தள்ளிட்டாங்க."

சொந்தக்காரனுக்கே சலுகை காட்டாத ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் சித்தப்பாவை உள்ளபடியே கலங்க வைத்தது.

அவள் கடையின் இணையதளத்தைத் திறந்தாள். கீழே வெற்றிடமாகத் தெரிந்த பகுதியில் மவுஸை அழுத்தி இழுத்ததும், நீலப் பட்டைக்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன. மதுரை சுங்குடி, மலிவு சுங்குடி, சிறந்த சுங்குடி என்று நாற்பது வரி. வெள்ளைத் தாளில் வெள்ளை மை!

"பழைய பையன் வெச்சது. கூகுள் மட்டும் படிக்குமாம்" என்றார் சித்தப்பா, சற்றுப் பெருமையோடு.

"படிக்கும். படிச்சுட்டுத் தூக்கியும் போடும். 2006ல பி.எம்.டபிள்யூவோட ஜெர்மன் தளம், கூகுளுக்கு ஒரு பக்கம், வர்றவங்களுக்கு வேற பக்கம்னு காட்டுச்சு. தேடல்லயே இல்லாம எடுத்துட்டாங்க. கார் கம்பெனிக்கே அந்தக் கதி."

அப்போது ஓர் அம்மாள் கடைக்குள் வந்து, சாயம் போகுமா என்று கேட்டார். சித்தப்பா எழுந்தார். முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்றார். கையால் முடிச்சுப் போட்டதா, அச்சா என்று அடுத்த கேள்வி. சேலையை விரித்து, நூல் அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்பதைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அச்சுச் சேலையில் அது இருக்காது. பத்து நிமிடம் பேசினார். அந்த அம்மாள் இரண்டு சேலை எடுத்தார்.

"இதுல ஒரு வரியாவது தளத்துல இருக்கா சித்தப்பா?"

"கடைக்கு வந்தா சொல்லப்போறேன். அங்க எதுக்கு?"

தளத்தில் இருந்தது 'நிகரற்ற தரம், நம்பகமான சேவை'. எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு'. படங்கள் ஒவ்வொன்றும் 8 எம்.பி., பெயர் கேமரா போட்ட எண். செல்போனில் சேலை முந்தி வரை வருவதற்குள் தேடுகிறவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். தேடுகிறவர்கள் தட்டும் சொற்களைக் காட்டும் கூகுளின் இலவச சர்ச் கன்சோலைத் திறந்தாள். சிலர் சுங்குடி என்று தேடியிருந்தார்கள், சிலர் சுங்கடி என்று. அதற்கடுத்து நின்றது, சாயம் போகுமா.

"இதையெல்லாம் சரி பண்ணினா எப்ப முதலிடம்?"

"முதலிடம்னு சொல்ல மாட்டேன். பலன் தெரியவே நாலு மாசத்துலேருந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுள்காரங்களே சொல்லியிருக்காங்க."

"ஏழு நாள்னவன் எவ்வளவோ தேவலை!"

அன்று மாலைக்குள் வெள்ளை எழுத்துகள் நீங்கின. ஒவ்வொரு சேலைக்கும் அதனதன் தலைப்பு வந்தது, படங்கள் 200 கே.பி.க்கு இறங்கின, கல்லுப்புப் பக்கம் ஏறியது. விலைப்பட்டியல் அனுப்பிய நம்பரைச் சித்தப்பா இன்னும் அழிக்கவில்லை.