கைப்பிடி அரிசியும் காத்தாடி எழுத்தும்

ஏ மக்கா, இங்க வந்து திண்ணையில இரு. நேத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒத்த எலுமிச்சம்பழத்த ரெண்டாயிரம் ரூவாய்க்கு எடுத்தியாமே! சந்தோசம். பழம் என்னமோ புளிக்கத்தான் செய்யும். மைக்குல உம்பேரச் சொன்னாம்பாரு, அது இனிச்சிருக்கும்.

காலையில ஆராதனையில கோயில்பிள்ளை காணிக்கைப் பைய நீட்டுனப்ப உனக்குப் பின்வரிசையிலதான் நான் இருந்தேன். பத்து ரூவா நோட்டு. அதையும் கிழிசல் உள்ள போறாப்புல நாலா மடிச்சு போட்ட. பஸ் கண்டக்டர் வாங்கமாட்டான், டீக்கடைக்காரன் வாங்கமாட்டான், ஆண்டவரு மட்டும் வாங்கிக்கிடுவாருன்னு என்ன ஒரு விசுவாசம்! ஆபிரகாமுக்கே இம்புட்டு இருந்திருக்காதுல.

கடவுளுக்கு எதுக்குத் தாத்தா துட்டுன்னு கேக்கியே, நியாயமான கேள்வி. அவருக்கு வேண்டாம். ஆனா கரண்டு பில்லு பரலோகத்துக்கா போவுது? இங்கதான வருது. ஐயருக்குச் சம்பளம் வேணும், கோயில்பிள்ளைக்கும் பிள்ளைக இருக்கு, மழைக்கு ஓடு ஒழுகுது. நாளைக்கு உங்கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும்னு வருவ. தாத்தா செத்தா மணி அடிக்கணும்னு வருவ. ரெண்டுக்கும் கோயிலு நிக்கணும்லா?

குத்தாலத்துக்குக்கூட ஒரு சீசன்தான். நம்ம ஊரு சங்கக் காணிக்கைக்கு ரெண்டு சீசன் உண்டு. வீட்டுல கல்யாணம் வந்தா ஒண்ணு, திருமண்டலத் தேர்தல் வந்தா ஒண்ணு. அப்ப பாரு, வருசக்கணக்கான பாக்கிய மொத்தமா கட்டி, ரசீத வேட்டி மடியில முடிஞ்சுக்கிட்டுப் போவான். மத்த நாள்ல உபதேசியாரத் தெருமுனையில கண்டாலே, பய மாட்டத் தேடிப் போயிருவான். அவன் வீட்டுல மாடே கிடையாது.

பெரிய மனுசன் ஒருத்தரு கோயிலுக்குக் காத்தாடி வாங்கி மாட்டுனாரு. மூணு றெக்கையிலயும் அவரு பேரு, அப்பா பேரு, ஊர்ப் பேரு. சுத்துனா எழுத்து தெரியலன்னு, அவரு வார அன்னைக்கு மட்டும் சுச்ச அமத்திருவாவ. சபை முழுக்க வேர்த்து ஊத்திக்கிட்டு அண்ணாந்து அவரு பேர வாசிக்கும்.

எங்கம்மா, உனக்குப் பூட்டி, எழுத்தே தெரியாதவ. உலையில அரிசி போடுமுன்ன ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போடுவா. வீட்டுக்குப் பத்துமான்னு பாத்துட்டு எடுக்கமாட்டா, எடுத்துட்டுத்தான் பாப்பா. ஞாயித்துக்கிழமை கோயில்ல கொண்டு கொட்டுனா, எல்லார் வீட்டு அரிசியும் கலந்துரும். எது யார் கையின்னு எந்த மைக்காலயும் சொல்ல முடியாது.

அந்த மாதிரிச் சனம் நிறைஞ்ச சபைகதான் 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கத்த ஆரம்பிச்சது. வெள்ளக்காரன் துட்டு வேண்டாம், நம்ம துட்டுல நம்ம ஆள அனுப்புவோம்னு தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு அனுப்புனாவ. அதுல முன்ன நின்ன வெள்ளாளன்விளை அசரியாதான் 1912-ல அங்க பிஷப்பு ஆனாவ. ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்பு அவுகதான். பனையேறி வீட்டுக் காசு அம்புட்டு தூரம் நடந்திருக்கு. உங்காசு பாக்கெட்டுல இருந்து பைக்கு வரவே மூச்சு வாங்குதே!

சபைக் கணக்கு சரியில்லைங்கியா? கேளுல. கமிட்டியில எந்திரிச்சு நின்னு கட்டாயம் கேளு. ஆனா ஒண்ணு, போட்டவன் கேட்டா சபை பதில் சொல்லும். போடாதவன் கேட்டா சபை சிரிக்கும்.

தசமபாகம்னா சம்பளத்துல பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்னயான்னு என்கிட்ட விவரம் கேக்காத. ரெண்டு காசு போட்ட விதவை ஆடிட்டரக் கேட்டுட்டா போட்டா? சம்பளம் வந்த அன்னைக்கு முதல் கைப்பிடிய எடுத்து வச்சிரு. கடைசியில மிஞ்சுனதக் குடுக்கலாம்னு இருந்தா, மிஞ்சுறது அந்தக் கிழிஞ்ச நோட்டுதான்.

என்னல முறைக்க? நான் எம்புட்டு போட்டேன்னா?

எனக்கென்ன தெரியும், இந்த இடது கையக் கேட்டுப் பாரு. பாவம், அதுவும் முழிக்கும்.